யார் முகத்துக்கு வைத்த வெளிச்சம்

கோவில்பட்டியில் என் தாய்மாமா ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு அங்கே இங்கிலீஷ் படம் போடுவார்கள். எங்கெங்கோ ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான் எங்கள் ஊருக்கு வரும். நல்ல கட்டத்தில் பட்டென்று அறுந்துவிடும். கீழே விசில் பறக்க, மாமா கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டி மறுபடி ஓடவிடுவார். அந்தக் காலத்து புரொஜெக்டருக்கு வெளிச்சம் தருவது இரண்டு கார்பன் குச்சிகள். எரிய எரியத் தேய்ந்துகொண்டே வரும். திரையில் படம் கொஞ்சம் மங்கினாலும் திருகைத் திருப்பிக் குச்சிகளை நெருக்கிவிட வேண்டும். மாமாவின் கண் திரையில் இருக்கும், வலது கை அந்தத் திருகின் மேலேயே இருக்கும்.

வெட்டிப் போட்ட பிலிம் துண்டுகள் எனக்கும் தம்பிக்கும் வரும். ஃபியூஸ் போன குண்டு பல்பின் மூக்கைப் பக்குவமாக உடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பினால் அது எங்கள் லென்ஸ். தம்பி வாசலில் கண்ணாடியைப் பிடித்து வெயிலை வீட்டுக்குள் திருப்புவான். சுவரில் கட்டிய அப்பாவின் வேட்டி திரை. பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் வேட்டியில் ஆட்கள் நேராக நிற்பார்கள்.

1986இல், நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது கிடைத்த ஒரு துண்டில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். மார்பளவுப் படம். அவளுக்குப் பக்கத்தில் கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று வரிசையாகக் கட்டங்கள். அடுத்து சிவப்பு, பச்சை, நீலம். நான்கு பிரேமிலும் அதே முகம், அதே பார்வை. மற்ற நடிகைகள் எல்லாம் பக்கத்தில் யாரையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் மட்டும் வேட்டியிலிருந்து நேராக என்னைப் பார்த்தாள். அந்த வாரப் படத்தை மாமாவின் அறையிலிருந்து முழுதாகப் பார்த்திருந்தேன். இப்படி ஒருத்தி அதில் வரவே இல்லை.

“இவள் படத்தில் வரமாட்டாள் தாயி,” என்றார் மாமா. “ரீலின் தலைப்பு முனையில் இருப்பாள். பிலிம் கழுவும் லேபில் கலர் பார்ப்பதற்காக வைத்தது. ஜனங்கள் கண்ணில் படுவதற்குள் ஓடிப்போய்விடும்.”

அந்தத் துண்டை ஜியோமெட்ரி பாக்ஸில் வெகுநாள் வைத்திருந்தேன்.

பதினொரு வருடம் கழித்து, திருநெல்வேலியில் ஒரு கலர் லேபில் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் மறுபடி எதிரே வந்தாள். வேறு பெண்தான், ஆனால் அதே வேலை. பிரிண்டர் மெஷினின் பக்கவாட்டில் ஓர் அட்டையை ஒட்டி வைத்திருந்தார்கள். வெளுத்த முகம், பளபளக்கும் கூந்தல், பின்னால் பல வண்ணத் தலையணைகள். தினமும் காலையில் மெஷின் சூடானதும் அவளுடைய நெகட்டிவைத்தான் முதலில் பிரிண்ட் போட வேண்டும். வந்த படத்தை அட்டையோடு சேர்த்துப் பிடித்து, தோலில் மஞ்சள் ஏறியிருக்கிறதா, நீலம் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மெஷின் சரி. அதன் பிறகே கடையின் முதல் ரோலுக்குள் கை வைப்போம்.

தை பிறந்தால் கல்யாண ரோல்கள் மூட்டையாக வரும். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெள்ளை வெளேரென்று இருக்கும். மேடையில் ஜரிகையும் ஃபிளாஷும் மின்னும். இவற்றுக்கு நடுவில் நாவற்பழ நிறத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். மெஷின் படம் முழுவதற்கும் பொதுவாக ஒரு கணக்குப் போட்டு எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, கொடுக்கும். வேட்டியின் மடிப்பு தெரியும்படி விட்டால் அவள் முகம் கறுப்புத் திட்டாகிவிடும், கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும். முகம் தெரியும்படி விட்டால் வேட்டி எரிந்து வெறும் வெள்ளையாகிப்போகும். இதற்கு நடுவே எங்கேயாவது நிறுத்துவது ஆபரேட்டரின் விரலில் இருக்கிறது. எங்கள் கடையில் அதற்கு ஒரு நிரந்தர உத்தரவும் இருந்தது. பெண் கறுப்பாக இருந்தால் இரண்டு பட்டன் வெளுப்பாகப் போட்டுவிட வேண்டும். நான் அப்படியே போட்டேன், ஐந்து வருடம். முகம் வெளுத்ததா என்றால் வெளுக்கவில்லை, சாம்பல் பூத்தது. கன்னத்தின் மேடு, மூக்குத்தியின் நிழல், நெற்றியில் வியர்வை மினுங்கும் இடம் எல்லாம் அழிந்து, மாவு பூசிய மாதிரி ஒரு முகம் தாளில் வந்து விழும்.

ஒருமுறை ஒரு பெண் ஆல்பத்தோடு திரும்பி வந்தாள். கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும். சண்டை போட வரவில்லை. கவுண்டரில் ஆல்பத்தை விரித்து, ஒரு படத்தின் மேல் விரலை வைத்து, “அக்கா, இது நானில்லையே?” என்று கேட்டாள். “மெஷின் அப்படித்தான் போடும்மா,” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மேற்கத்திய சினிமாவில் யாருக்கு இடம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற பேச்சை எங்கே கேட்டாலும் எனக்கு நினைவு வருவது அந்த விரல்தான். திரையில் எத்தனை கறுப்பு முகம், எத்தனை பழுப்பு முகம் என்று எண்ணுகிறார்கள். எண்ணட்டும், அவசியம் எண்ண வேண்டும். ஆனால் லேபில் உட்கார்ந்தவளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த முகம் திரைக்கு வந்தபோது முகமாக வந்ததா, திட்டாக வந்ததா? விளக்கை வைத்தவன் யார் முகத்தை நினைத்து வைத்தான்?

அட்டைக்கு ஒரு பெயர் உண்டு என்று பின்னால்தான் படித்தேன். ஷெர்லி அட்டை. அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் ஒரு காலத்தில் கலர் பிலிமை விற்கும்போதே கழுவிப் பிரிண்ட் போடும் கூலியையும் விலையில் சேர்த்து வாங்கிவிடும். படம் எடுத்து முடித்த சுருள் அவர்களுடைய லேபுக்கே திரும்பிப் போக வேண்டும். இது ஏகபோகம் என்று அரசு வழக்குக்குப் போக, 1954இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. ஊர் ஊராகத் தனியார் லேபுகள் முளைத்தன. அவற்றுக்கு பிரிண்டரை விற்ற கோடாக், நிறம் சரியாக விழுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி நெகட்டிவையும் படத்தையும் கூடவே அனுப்பியது. முதலில் அதில் நின்றவர் அங்கேயே வேலை பார்த்த ஷெர்லி பேஜ் என்ற பெண். பிறகு எத்தனையோ பெண்கள் மாறினார்கள், பெயர் மட்டும் ஷெர்லியாகவே நின்றுவிட்டது. பல பத்தாண்டுகளுக்கு எல்லா ஷெர்லியும் வெள்ளைத் தோல்காரிகள்.

அட்டையாவது கண்ணுக்குத் தெரிகிறது. பிலிமின் ரசாயனம் தெரியாது. பழுப்பு, செம்மை, மஞ்சள் சாயல்களை எவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டலாம் என்பது பிலிம் அடுக்குகளில் என்ன கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கலந்தவர்கள் எதிரே வைத்துப் பார்த்தது வெள்ளை முகம். அமெரிக்கப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக நிற்கும் வகுப்புப் படங்கள் வந்தபோது, கறுப்புப் பிள்ளைகளின் முகத்தில் கண்ணும் பல்லும் தவிர எதுவும் விழவில்லை என்று தாய்மார்கள் குறைப்பட்டார்கள். கனடாவில், கான்கார்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா ராத் இதை வருடக்கணக்காக ஆராய்ந்து 2009இல் கட்டுரையாக வெளியிட்டார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோடாக்கின் ஆய்வு ஸ்டுடியோக்களுக்குப் பொறுப்பாக இருந்த ஏர்ல் கேஜ் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பழுப்பு நிறம் ஒழுங்காக விழவில்லை என்று கோடாக்கை உண்மையில் அசைத்தவர்கள் இரண்டு வகை வாடிக்கையாளர்கள். ஒன்று சாக்லேட் கம்பெனிக்காரர்கள்: பால் சாக்லேட்டுக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும் விளம்பரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்று மேஜை நாற்காலி செய்கிறவர்கள்: ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் ரேகை வேறுபாடு தெரியவில்லை. அவர்களுக்காக 1970களில் பிலிமைத் திருத்தினார்கள். பெற்ற பிள்ளையின் முகம் காணவில்லை என்று சொன்ன தாய்களின் குரல் அத்தனை வருடமும் காதில் ஏறாத இடத்தில், சாக்லேட்டின் குறை ஏறியிருக்கிறது.

1990களின் நடுவில்தான் வெள்ளை, கறுப்பு, ஆசிய முகங்கள் மூன்றையும் ஒரே அட்டையில் வைத்தார்கள். அதாவது நான் வேலைக்குச் சேர்ந்த சமயம். எங்கள் மெஷினில் ஒட்டியிருந்தது பழைய அட்டை.

மாமா கொடுத்த துண்டில் இருந்தவளின் கதையும் இதே கதைதான், இன்னும் பழையது. சினிமா லேபுகள் 1920களின் கடைசியிலிருந்தே ரீலின் தலைப்பில் ஒரு பெண்ணின் முகத்தைச் சில பிரேம்கள் சேர்த்து வந்தன. கழுவியெடுத்த ஒவ்வொரு பிரிண்டிலும் அவள் தோல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், பிரிண்ட் தேறிவிடும். தொழிலில் அவளுக்கு ‘சைனா கேர்ள்’ என்று பெயர். சீனப் பெண்ணாக இருந்தது மிக அபூர்வம், அநேகமாக எல்லோரும் வெள்ளைப் பெண்கள்தான். பலர் அந்தந்த லேபில் வேலை பார்த்தவர்கள். பெயர் எங்கும் பதிவாகவில்லை. டிஜிட்டல் வரும்வரை ஹாலிவுட் படங்களின் நிறத்துக்கு அவர்கள்தான் எடைக்கல். எடைக்கல் எப்படி இருக்கிறதோ அப்படித்தானே தராசு காட்டும்?

சிலர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கறுப்புத் தோல் வெளிச்சத்தைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், இது இயற்பியல், இதில் பாகுபாடு எங்கே வந்தது என்பார்கள். குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், மறுக்கவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தைப் படமெடுப்பதும் கஷ்டம், பனிமலையை எடுப்பதும் கஷ்டம். அதற்கெல்லாம் விளக்கை எங்கே வைக்க வேண்டும், எதால் மறைக்க வேண்டும் என்று ஒளிப்பதிவாளர்கள் பாடமே வைத்திருந்தார்கள். கறுப்பு முகத்துக்கு அந்தப் பாடம் வெகுகாலம் எழுதப்படவில்லை. பவுடரைப் பூசி, நேர் எதிரே பெரிய விளக்கைப் போட்டால் தீர்ந்தது என்று விட்டுவிட்டார்கள். அப்படிப் போட்டால் நெற்றியிலும் மூக்கிலும் வெளிச்சம் பளீரென்று தெறிக்கும். மற்ற இடமெல்லாம் தட்டையாகிவிடும்.

1967இல் வந்த ‘இன் த ஹீட் ஆஃப் த நைட்’ படத்தில்தான் ஒரு பெரிய ஹாலிவுட் கலர்ப் படம் கறுப்பு நடிகரின் தோலை நினைத்து விளக்கை அமைத்தது என்று சினிமா வரலாற்றில் சொல்வார்கள். ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர். வழக்கமான கடும் விளக்கு சிட்னி பாய்ட்டியரின் முகத்தில் கண்கூசும் பளபளப்பைக் கொடுப்பதைக் கண்டு, அதை அடக்கி, அவருக்குத் தோதாக மாற்றியவர். கதை மிசிசிப்பியில் நடக்கிறது. ஆனால் தெற்கு மாநிலங்களில் தன் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று பாய்ட்டியர் சொன்னதால் பெரும்பகுதியை இல்லினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டாவில் எடுத்தார்கள். அந்தப் படத்தில் ஒரு பணக்கார வெள்ளைக்காரர் பாய்ட்டியரை அறைவார். அடுத்த கணமே பாய்ட்டியர் திருப்பி அறைவார். அந்த அறையைப் பற்றி உலகமே எழுதியிருக்கிறது. நான் பார்ப்பது அதற்கு முந்திய ஒரு நொடியை. அறை வாங்கிய முகத்தில் தாடை இறுகுவது தெரிகிறது. கறுப்புத் திட்டில் தாடை இறுகுவது தெரியாது. வெக்ஸ்லரின் விளக்கு இல்லாவிட்டால் அந்தத் திருப்பி அறைவது வெறும் கைவீச்சு. அந்தப் படத்துக்குச் சிறந்த படம் என்று ஆஸ்கார் கொடுத்தார்கள், கூட நடித்த ராட் ஸ்டைகருக்குச் சிறந்த நடிகர் என்று கொடுத்தார்கள். பாய்ட்டியரின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை.

விளக்கு மறைப்பதற்கும் உதவும். இதைச் சொல்லும்போது மெர்ல் ஓபரானை விட்டுவிட்டுப் போக முடியாது. 1911இல் பம்பாயில் பிறந்தவர், கல்கத்தாவில் வளர்ந்தவர். வளர்த்த சார்லட் செல்பி இலங்கையைச் சேர்ந்த யுரேசியப் பெண், அதாவது ஆசிய, ஐரோப்பியக் கலப்பில் பிறந்தவர். உண்மையில் சார்லட் பாட்டி. அவருடைய மகள் கான்ஸ்டன்ஸ் சிறுமியாக இருந்தபோதே பெற்ற குழந்தை மெர்ல். குழந்தைக்கு அதைச் சொல்லாமல், பாட்டியே தாயாக இருந்து வளர்த்தார். லண்டன் போய், அங்கிருந்து ஹாலிவுட் போய் மெர்ல் நட்சத்திரமானபோது, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் வெள்ளைக்காரப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்று ஒரு கதையைக் கட்டினார்கள். 1935இல் வந்த ‘த டார்க் ஏஞ்சல்’ படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஆசிய வம்சாவளிப் பெண் ஒருவர் அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல்முறை. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் ஏற்றியிருக்கமாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வந்த ‘த குட் எர்த்’ படத்தில் சீனக் குடியானவப் பெண்ணாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனர். அவருக்கு ஆஸ்காரும் கிடைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை ஆனா மே வாங்குக்கு அதே படத்தில் ஆசைநாயகி வேடம்தான் வந்தது, அவர் மறுத்துவிட்டார். ஹாலிவுட்டின் அந்த நாளைய நியாயம் இது.

1937இல் லண்டனில் ஒரு கார் விபத்தில் மெர்லின் முகத்தில் தழும்பு விழுந்தது. பின்னாளில் அவரை மணந்த ஒளிப்பதிவாளர் லூசியன் பாலார்ட், கேமரா லென்ஸுக்கு ஒட்டினாற்போலப் பொருத்தும் சிறிய விளக்கு ஒன்றை அவருக்காகவே அமைத்தார். நேர் எதிரே விழும் அந்த ஒளியில் பள்ளமும் மேடும் நிழல் இல்லாமல் கரைந்துபோகும். அதற்கு ‘ஓபி’ என்று பெயர், ஓபரான் என்பதன் சுருக்கம். தழும்புக்காக வந்த விளக்குதான், சந்தேகமில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கத் தோலின் நிறத்தை மறைத்து வாழ்ந்த பெண்ணின் பெயர், முகத்தை வெளிச்சத்தால் மூடும் ஒரு கருவிக்கு நிலைத்துவிட்டதை நினைத்தால் மனம் கனக்கிறது. கூடவே வந்து வாழ்ந்த சார்லட்டை விருந்தாளிகளிடம் வேலைக்காரி என்று சொன்னதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சார்லட் 1937இல் இறந்தார். பிற்பாடு மெர்ல் ஒரு பழைய போட்டோவைக் கொடுத்து அவரை ஓவியமாக வரையச் சொன்னார். தோலை வெளுப்பாகத் தீட்டச் சொன்னார் என்கிறார்கள். இரண்டு பட்டன் வெளுப்பு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டனை அழுத்தச் சொன்னவர்களைத்தான் கேட்க வேண்டும். 1979இல் மெர்ல் இறந்து சில வருடம் கழித்துத்தான் பம்பாய்ப் பிறப்புச் சான்றிதழ் வெளியே வந்தது.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். 2015, 2016 இரண்டு வருடமும் ஆஸ்கார் நடிப்புப் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட இருபது பேரும் வெள்ளையர்கள். ஏப்ரல் ரெயின் என்ற பெண் தொடங்கி வைத்த ‘ஆஸ்கார்ஸ் ஸோ ஒயிட்’ என்ற முழக்கம் உலகம் சுற்றியது. அதன் பிறகு, ஆஸ்கார் கொடுக்கும் அமைப்பான அகாடமி உறுப்பினர் சேர்க்கையை மாற்றியது. 2020இல் நான்கு தகுதி விதிகளை அறிவித்தது. சிறந்த படத்துக்குப் போட்டியிட அவற்றில் குறைந்தது இரண்டு நிறைவேற வேண்டும், 2024 விழாவிலிருந்து இது நடைமுறை. கலையில் கணக்கு எதற்கு, திறமைதானே பார்க்க வேண்டும் என்று இதைக் கேலி செய்கிறவர்கள் நிறையப் பேர். தொண்ணூறு வருடம் ஒரே பக்கம் சாய்ந்த தராசை வைத்துக்கொண்டு திறமையை நிறுத்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாமே. நான் அந்த விதிகளின் பக்கம்தான். அதிலும் எனக்குப் பிடித்தது, நடிகர்களோடு நிற்காமல், ஒளிப்பதிவாளர், மேக்கப் கலைஞர், எடிட்டர் என்று துறைத் தலைவர்களையும் கணக்கில் எடுக்கிற இரண்டாவது விதி. முகத்தைக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பின்னால் பழைய அட்டையையே ஒட்டி வைத்தால் என்ன பயன்?

பின்னால் நிற்பவர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 1991இல் வந்த ‘டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்’ நல்ல சாட்சி. ஜூலி டேஷ் இயக்கம், ஆர்தர் ஜாஃபா ஒளிப்பதிவு. அமெரிக்காவில் கறுப்பினப் பெண் ஒருவர் இயக்கி நாடு முழுக்கத் திரையரங்குகளுக்குப் போன முதல் முழுநீளப் படம் அதுதான். தென் கரோலினா கடற்கரைத் தீவில், 1902இல், ஊரை விட்டு வடக்கே போகத் தயாராகும் ஒரு கல்லா குடும்பம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கறுப்பின மக்களுக்கு அங்கே கல்லா என்று பெயர். கறுப்புத் தோல் அதில் நன்றாக விழுகிறது என்று கோடாக்கை விட்டு ஆக்ஃபா பிலிமில் எடுத்தார்கள். வெயிலில் வெள்ளை உடுப்போடு கடற்கரையில் நிற்கும் பெண்கள். எங்கள் கல்யாண மேடைப் பிரச்சினைதான்: வெள்ளைத் துணி, கறுத்த முகம், கண்கூசும் வெளிச்சம். படம் முழுக்க ஒரு முகம்கூடத் திட்டாகவில்லை, ஒரு உடுப்புகூட எரியவில்லை. பார்த்து முடித்ததும் நான் முதலில் நினைத்தது, ஆல்பத்தோடு வந்த அந்தப் பெண்ணைத்தான். மெஷின் அப்படித்தான் போடும் என்று சொன்னேனே. போடாமலும் இருக்கும்.

ஜாஃபாவுக்கு அடுத்த தலைமுறையில் பிராட்ஃபோர்ட் யங். ‘செல்மா’வின் ஒளிப்பதிவாளர். சமையலறையிலும் சிறையிலும் இருக்கிற வெளிச்சத்தைக் கொண்டே முகங்களைப் பேசவைப்பவர். இருட்டைக் கண்டு பயப்படாதவர். 2017இல் ‘அரைவல்’ படத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்டபோது, ஒளிப்பதிவு ஆஸ்கார் பட்டியலில் ஏறிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார். ஆஸ்கார் தொடங்கி எண்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அதே விழாவில் சிறந்த படமானது ‘மூன்லைட்’. உறை மாறி வேறு படத்தின் பெயரை வாசித்துவிட்டுப் பிறகு திருத்தினார்களே, அந்த வருடம். இயக்குநர் பேரி ஜென்கின்ஸ் மயாமியில் வளர்ந்தவர். சின்ன வயதில் தான் பார்த்த முகங்களில் எப்போதும் வெயிலும் வியர்வையும் மினுங்கும், அது திரையில் வேண்டும் என்றார். ஷூட்டிங்கில் மேக்கப் என்றால் மினுமினுப்பை அடக்கும் பவுடர்தான் வழக்கம். இங்கே பவுடரை விலக்கிவிட்டு எண்ணெய் தடவினார்கள். ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன் நிழல் விழும் பக்கத்தை நிரப்பாமல் விட்டார். எடுத்தது டிஜிட்டல் கேமராவில். பிறகு வண்ணம் சீர்செய்த அலெக்ஸ் பிக்கெல், படத்தின் மூன்று பகுதிகளுக்கும் ஃபூஜி, ஆக்ஃபா, கோடாக் என்று மூன்று பழைய பிலிம்களின் குணத்தை ஏற்றினார். பிலிம் வகையைக்கூட முகத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், லேபில் உட்கார்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி!

அதில் கடல் காட்சி ஒன்று. ஹுவான் என்ற பெரியவன், ஷைரன் என்ற சிறுவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறான். கேமரா தண்ணீர் மட்டத்திலேயே மிதக்கிறது, அலை வந்து லென்ஸில் மோதுகிறது. ஹுவானாக நடித்த மஹர்ஷலா அலி ஒரு கையால் பையனின் பின்தலையைத் தாங்குகிறார். நடித்த பையனுக்கு உண்மையிலேயே நீச்சல் தெரியாதாம், காட்சியிலேயே கற்றுக்கொண்டானாம். மேகம் கவிந்த வானம், சாம்பல் கலந்த பச்சைக் கடல், நடுவில் ஈரம் சொட்டும் இரண்டு கறுத்த முகங்கள். அலியின் நெற்றியில் வானத்தின் வெளிச்சம் தெரிகிறது. பையனின் கன்னத்தில் கடலின் பச்சை தெரிகிறது. கறுப்புத் தோல் வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்பார்கள். இங்கே சுற்றியிருக்கிற நிறத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஊர்ப் பம்புசெட்டுத் தொட்டியிலிருந்து எழுந்து வரும் பையன்களை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். எந்த போட்டோவிலும் பார்த்ததில்லை.

எங்கள் லேபை 2000களின் நடுவில் மூடிவிட்டார்கள். அட்டையையும் மெஷினையும் எடைக்குப் போட்டார்களா, என்ன செய்தார்களோ.

போன பொங்கலுக்குக் கோவில்பட்டி போனபோது, மாமாவோடு உட்கார்ந்து ‘தீபன்’ பார்த்தேன். மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது, கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய புதிது. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய பிரெஞ்சுப் படம் அது. இயக்கியவர் ஜாக் ஓடியார், ஒளிப்பதிவு எபோனின் மோமன்ஸோ. பிரெஞ்சுப் படம்தான், ஆனால் பேச்சில் பாதிக்கு மேல் தமிழ். ஈழப்போரிலிருந்து தப்பிப் பிரான்ஸுக்குப் போகிற, ஒருவருக்கொருவர் யாருமே இல்லாத மூன்று பேர் குடும்பமாக நடிக்கிற கதை. தீபனாக வருபவர் ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதும் அந்தோனிதாசன் யேசுதாசன். அவரே ஒரு காலத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பின் பிரான்ஸில் அகதியாக வாழ்ந்தவர். கூட நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து போனவர்.

தொடக்கக் காட்சிகள் முடிந்து கப்பல் போனதும் திரை முழுக்க இருட்டாகிறது. இருட்டு என்றால் கன்னங்கரேல் இருட்டு. அதில் எங்கோ தூரத்தில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள், கலங்கலாக, மெல்ல ஆடிக்கொண்டு.

மாமாவின் வலது கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து எழுந்தது. அந்தரத்தில் எதையோ பிடித்துத் திருகப் போனது.

“கார்பன் இல்லை மாமா,” என்றேன். “படமே இப்படித்தான்.”

“இப்படியேவா விட்டிருக்கிறார்கள்?”

“ஆமாம். பாருங்கள்.”

கை அப்படியே நின்றது. புள்ளிகள் நெருங்கி வந்தன. பாரிஸ் தெருவில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒருவன் தலையில் மாட்டிக்கொண்டிருந்த, மினுக் மினுக்கென்று எரியும் பட்டை அது. அதற்குக் கீழே, அந்த மினுக்கில் மட்டும் தெரிந்தும் மறைந்தும், ஒரு கறுத்த முகம் எங்களைப் பார்த்து வந்தது. கன்ன எலும்பு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே களைப்பு தெரிந்தது.

மாமா கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.